அலைச்சறுக்குப் பயணத்துக்கு மாதம் குறிப்பது எப்படி? இலங்கைக் கடற்கரைகளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பிறகு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கும் வாரத்தைப் பார்க்கிறார்கள்; கடல் அப்போது எப்படி இருக்கும் என்பதைக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். வெப்பமண்டலக் கடலில் இந்த வரிசை பணத்தையும் நாட்களையும் வீணாக்கிவிடும். கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் எந்த மாதமும் ஏற்ற மாதம்தான் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. உண்மையில் இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது குளிரும் வெயிலும் அல்ல, காற்றின் திசை.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஜூலை மாதத்தில். விமானக் கட்டணம் குறைவாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, இலங்கையின் தென்கரையிலுள்ள வெலிகமவில் ஆறு நாட்களுக்கு அறை எடுத்திருந்தேன். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் போனபோது, காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. அலைகள் வரிசையாக வராமல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, கலங்கிய நுரையாகக் கரையேறிக்கொண்டிருந்தன. நான் தங்கியிருந்த வீட்டின் அம்மா, இடியப்பத்தையும் சொதியையும் மேசையில் வைத்தபடியே, இந்த மாதத்தில் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவில் பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும், இங்கே வருவதாக இருந்தால் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள் என்று பரிவோடு சொன்னார். கடலைத் தினமும் பார்ப்பவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் தெரிந்த செய்தி, பயணம் புறப்படும் முன் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே, நான் இன்று பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். இரண்டு பருவங்களும் இரண்டு கரைகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் இலங்கையையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதற்படி: காற்று எந்தப் பக்கம் வீசும் என்று பாருங்கள்

அலையின் உயரத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் வந்து சேர்ந்த அலையைக் காப்பதும் கெடுப்பதும் காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, உடையப்போகும் அலையின் முகப்பை எதிரிலிருந்து தாங்கிப் பிடிப்பதால், அலை சற்றுத் தாமதித்து, வழவழப்பாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காக உடைகிறது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றோ அலையைப் பின்னாலிருந்து தள்ளி, நேரத்துக்கு முன்பே சரித்து, அதன் முகப்பெங்கும் சிற்றலைகளைக் கிளப்பிவிடுகிறது. புதியவர் ஒருவருக்குப் பலகையின்மீது எழுந்து நிற்க ஓரிரு விநாடிகள் சமதளமான நீர் தேவை. அந்த நீரைக் கொடுப்பதும் பறிப்பதும் காற்றுதான்.

இலங்கையின் வானிலைக் கணக்கில் ஆண்டு நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். இவற்றுக்கு நடுவே மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஓர் இடைப்பருவம். அக்டோபர், நவம்பர் மாதங்கள் மற்றோர் இடைப்பருவம். இப்போது தீவின் வரைபடத்தை எடுத்து, அந்தந்தப் பருவக் காற்றை ஓர் அம்புக்குறியாக அதன்மேல் வரைந்து பாருங்கள். தென்மேற்குக் காற்று காலி, ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ ஆகிய கரைகளில் கடலிலிருந்து வந்து மோதுகிறது. அதே காற்று நடுமலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு, நிலத்தைக் கடந்து கிழக்கே பொத்துவில், அறுகம்பே கரைகளுக்கு வரும்போது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்றாகிவிடுகிறது. கிழக்கிலுள்ள தமிழ் மக்கள் கச்சான் என்று சொல்லும் வெப்பமான மேல்காற்று இதுதான். வயலில் நிற்பவரை வாட்டும் அந்தக் காற்று அலைச்சறுக்குபவருக்கு வாய்ப்பாக அமைகிறது. டிசம்பரில் காற்று திரும்பியதும் நிலைமை அப்படியே தலைகீழாகிறது: கிழக்குக் கரையில் மழையும் கொந்தளிப்பும்; தென்கரையில் காலை வேளைகளில் கண்ணாடி போன்ற கடல்.

எந்த வெப்பமண்டலத் தீவுக்குப் போனாலும் இந்த அம்புக்குறி முறை உதவும். பாலித் தீவில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வீசுவதால் குத்தா, உலுவத்து முதலிய மேற்குப் பக்கக் கரைகள் சிறந்து விளங்குகின்றன. மழைக்காலத்தில் காற்று மேற்கிலிருந்து வரும்போது சானூர், நூசா துவா முதலிய கிழக்குப் பக்கக் கரைகளுக்கு ஆட்கள் இடம்பெயர்கிறார்கள். ஊர்ப் பெயர்கள் மாறுகின்றனவே தவிர, கணக்கு மாறுவதில்லை.

இரண்டாம் படி: அலை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நாம் சறுக்கும் அலை, நாம் நிற்கும் கரையின் காற்றால் பிறந்ததல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், தெற்கு அட்சரேகை 40 பாகைக்கும் அப்பால், ஓய்வின்றி வீசும் புயற்காற்றுகள் கிளப்பிவிடும் அலைகளே வடக்கு நோக்கிப் பயணம் செய்து இலங்கையையும் மாலத்தீவையும் பாலியையும் அடைகின்றன. ஆங்கிலச் சொல்லையே வைத்து இதை ‘ஸ்வெல்’ என்று சறுக்குபவர்கள் சொல்வார்கள். இக்கட்டுரையில் தொலைகடல் அலை என்று குறிப்பிடுகிறேன். இரண்டு அலை முகடுகளுக்கு இடையே 14 விநாடிகள் இருக்குமானால், அந்த அலைத்தொகுதி மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறும். 45 பாகைத் தெற்கிலிருந்து இலங்கையின் தென்முனை வரை 5,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் என்பதால், இன்று நம் காலடியில் உடையும் அலை ஏறத்தாழ ஆறு நாட்களுக்கு முன்னரே புறப்பட்டதாகும். முன்னறிவிப்புகளை ஒரு வாரம் முன்கூட்டிப் பார்ப்பதில் பயன் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

தென்னரைக்கோளத்தின் குளிர்காலமான மே முதல் செப்டம்பர் வரை அந்தப் புயல்கள் வலுத்திருக்கும். ஆகவே அலைகளும் பெரிதாகவும் அடிக்கடியும் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கோடைக்காலம். புயல்கள் தெற்கே ஒதுங்கி வலுக்குறைகின்றன. அலைகள் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அளவில் சிறியவை. இதிலிருந்து புதியவருக்கு மிக முக்கியமான ஒரு செய்தி கிடைக்கிறது: கிழக்குக் கரையின் நல்ல பருவம் பெரிய அலைகளின் பருவத்தோடு சேர்ந்து வருகிறது, தென்கரையின் நல்ல பருவமோ சிறிய அலைகளின் பருவத்தோடு சேர்ந்து வருகிறது.

இதே தொலைகடல் அலைதான், உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் திடீரென்று ஏறிவரும் கள்ளக்கடலுக்கும் காரணம். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. வானம் தெளிவாக இருப்பதால் கடலும் சாந்தமாக இருக்கும் என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: உங்கள் பருவம் எது என்று நேர்மையாக முடிவு செய்யுங்கள்

பயணக் குறிப்புகளில் ‘சிறந்த பருவம்’ என்று அச்சிடப்படும் மாதங்கள் பெரும்பாலும் தேர்ந்த சறுக்காளர்களுக்குச் சிறந்த மாதங்கள். இதைப் போதிய அளவு யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பதே என் வருத்தம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அறுகம்பேயின் பிரதான முனையில் அலை ஆளுயரத்துக்கும் மேலே எழும். உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அங்கே வரிசை கட்டி நிற்பார்கள். முதல் வாரம் பலகை பிடிப்பவர் அந்த வரிசையில் போய் நின்றால் அலையும் கிடைக்காது, பிறருக்கும் ஆபத்து.

இதுவரை பலகையில் நின்றதே இல்லை என்றால், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடிவு வரையிலான காலத்தில் வெலிகமவைத் தேர்ந்தெடுங்கள். அது அகன்ற குடா. தரை பெரும்பாலும் மணல். அலை இடுப்பளவிலோ நெஞ்சளவிலோ மெதுவாக உடைந்து நீண்ட நுரைப்பரப்பாகக் கரைக்கு வரும். விழுந்தால் மணலில்தான் விழுவீர்கள் என்ற நம்பிக்கையே கற்பதை விரைவுபடுத்துகிறது. அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள மிதிகம, அஹங்கம, மிரிஸ்ஸ ஆகிய இடங்களில் அலை பாறைத்திட்டின்மேல் உடைகிறது. உடையாத அலையைத் தாமாகவே கைகளால் துடுப்பிட்டுப் பிடிக்கத் தெரிந்த பின்னரே அங்கே போக வேண்டும். கடல் முள்ளெலிகள் இருக்கும் என்பதால் காலில் ரப்பர் உறை அணிவதும் நல்லது.

ஓரளவு பழகி, அலையின் முகப்பில் பக்கவாட்டாகச் செல்லத் தொடங்கியவர்களுக்கு என் பரிந்துரை அறுகம்பேயின் ஓர மாதங்கள், அதாவது ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும், செப்டம்பரும் அக்டோபர் முற்பகுதியும். இந்த நாட்களில் அலை சற்று இறங்கியிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். செப்டம்பர் என்றால் அலையே இராது என்று எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று அறுகம்பேயில் செப்டம்பர் இறுதியில்தான் நடந்தது.

உள்ளூர் மக்கள் உல்லை என்றும் அழைக்கும் அந்த ஊரில் ஒரு செப்டம்பர் காலையை நான் பார்த்த விதத்தைச் சொன்னால், மாதம் ஏன் முக்கியம் என்பது விளங்கும். ஐந்தே முக்கால் மணிக்கு வெளிச்சம் பரவத் தொடங்குகிறது. குடாக் கரையின் நடுவே மீனவர்கள் படகுகளை மணலில் இழுத்தேற்றிக்கொண்டிருக்கிறார்கள்; கூரையில் பலகைகளைக் கட்டிய ஆட்டோக்கள் முனையை நோக்கிப் போகின்றன. தெற்கிலிருந்து வரும் அலை முனையின் பாறைகளைத் தொட்டதும் வளைந்து திரும்பி, குடாவுக்குள் வலப்புறமாக ஓடத் தொடங்குகிறது. கரையில் நிற்கும் நமக்குப் பின்னாலிருந்து வரும் நிலக்காற்று அதன் உச்சியிலிருந்து நீர்த்துளிகளைச் சீவிக் கடல்பக்கம் எறிகிறது. முனையில் தேர்ந்தவர்கள் பிடிக்கும் அதே அலை, குடாவுக்குள் ஓடி வர வர உயரம் குறைந்து, உட்பக்கத்தில் காத்திருக்கும் கற்பவர்களை முழங்காலளவு அலையாக வந்து அடைகிறது. வெலிகமவில் எனக்குக் கிடைத்த அந்த ஜூலைக் காலைக்கும் இந்தக் காலைக்கும் இடையே இருந்த வேறுபாடு, கரையும் மாதமும் பொருந்தியதுதான்.

நான்காம் படி: இடைப்பருவத்தில் எச்சரிக்கையாக இருங்கள்

ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்று ஒரு பக்கமாக நிலைத்து வீசுவதில்லை. சில நாட்களில் இரு கரைகளிலுமே கடல் அழகாக இருக்கும். சில நாட்களில் பிற்பகல் இடிமழை பெய்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். இந்த மாதங்களில் போவதாக இருந்தால், முழுப் பயணத்துக்கும் ஒரே ஊரில் அறைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பொத்துவிலிலிருந்து மொனராகலை, அம்பாந்தோட்டை வழியாகத் தென்கரைக்கு அரை நாளில் வந்துவிடலாம். முதல் மூன்று, நான்கு நாட்களுக்கு மட்டும் அறையை உறுதிசெய்துவிட்டு, மீதியைக் கடலைப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை.

வங்கக்கடலில் புயல்கள் மிகுதியாக உருவாகும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பதையும் மறக்கக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் பெருவெள்ளத்தையும் நிலச்சரிவுகளையும் ஏற்படுத்திப் பல உயிர்களைப் பறித்தது. தென்கரையின் பருவம் நவம்பரில் தொடங்குவதாக எழுதப்பட்டிருந்தாலும், முதன்முறை செல்பவர் டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் பயணம் வைக்காமல் இருப்பதே நல்லது என்று நான் கருதுகிறேன்.

ஐந்தாம் படி: ஊரின் நாட்காட்டியையும் பாருங்கள்

கடல் ஒத்துழைத்தாலும் ஊர் நெரிசலாக இருந்தால் பயணம் சோர்வளிக்கும். ஏப்ரல் நடுவில் வரும் தமிழ், சிங்களப் புத்தாண்டையொட்டிப் பல கடைகள் மூடியிருக்கும், பேருந்துகளிலும் ரயில்களிலும் இடம் கிடைக்காது. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் வாரம் வரை தென்கரையில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். அந்த இரண்டு வாரங்களைத் தவிர்த்து ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ போனால் அதே கடல் குறைந்த செலவில் கிடைக்கும். பொத்துவிலில் முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினர் என்பதால், நோன்புக் காலத்தில் பகல் நேரத்தில் ஊருக்குள் உணவகங்கள் குறைவாகவே திறந்திருக்கும்; கடற்கரையோரம் அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. கதிர்காமக் கொடியேற்றத்தையொட்டிப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் பொத்துவில், பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலை அடைந்து, அங்கிருந்து காட்டுக்குள் நுழைகிறார்கள். அந்த நாட்களில் அறுகம்பேக்குத் தெற்கேயுள்ள சாலையில் மெதுவாகச் செல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்கு வழிவிட்டுச் செல்வது நம் கடமை.

தென்கரைக்குப் போவது எளிது. கொழும்பிலிருந்து காலி வழியாக மாத்தறைக்குச் செல்லும் ரயில் வெலிகமவில் நிற்கிறது. அறுகம்பேக்குக் கொழும்பிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். ஐந்து நாட்கள் மட்டுமே விடுப்பு உள்ளவர் கிழக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால் கடலுக்கு மிஞ்சுவது மூன்று காலைகள்தான்.

ஆறாம் படி: புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் முன்னறிவிப்பைப் படியுங்கள்

விண்டி, விண்ட்குரு, சர்ஃப்லைன் ஆகிய தளங்களில் மூன்று எண்களைப் பாருங்கள்: தொலைகடல் அலையின் உயரம், அதன் இடைவெளி விநாடிகளில், காற்றின் வேகமும் திசையும். ஒரே ஒரு மீட்டர் உயரம் என்று எழுதியிருந்தாலும், இடைவெளி 8 விநாடிகளாக இருக்கும்போது கிடைக்கும் அலையும், 14 விநாடிகளாக இருக்கும்போது கிடைக்கும் அலையும் ஒன்றல்ல. இரண்டாவது கரைக்கு அருகில் வரும்போது மிகவும் உயர்ந்து வலுவாக உடையும். முதல் வாரத்தில் இருப்பவருக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குட்பட்ட உயரமும், மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேற்படாத காற்றும் போதும். உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டி, இடைவெளியும் 15 விநாடிகளைத் தொட்டால், அன்று பயிற்றுநர் சொல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

ஓத ஏற்றத்தாழ்வு, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் அளவு, இலங்கையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. மணற்கரையில் இதைப் பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. பாறைத்திட்டுகளில் மட்டும் நீர் வற்றிய நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

எந்தப் பருவத்திலும் காலை நேரமே சிறந்தது. வெயில் ஏறி நிலம் சூடானதும், பத்து, பதினொரு மணியளவில் கடற்காற்று எழுந்து, பருவக்காற்று காத்துவைத்த ஒழுங்கைக் குலைத்துவிடும். ஆகவே பயிற்சிக்கு நேரம் பதியும்போது ஆறரை மணி வகுப்பையே கேளுங்கள். பலர் காலை உணவுக்குப் பிறகு வரலாம் என்று ஒன்பது மணியைத் தேர்ந்தெடுத்து, நாளின் நல்ல பாதியை இழக்கிறார்கள்.

புறப்படும் முன் தமிழ்நாட்டிலேயே ஒரு முறை

சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் குடும்பங்களிலிருந்து வந்த திறமையான பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நம் கரையும் கிழக்கு நோக்கியது என்பதால் அறுகம்பேயின் கணக்கே பெரும்பாலும் இங்கும் பொருந்துகிறது: தென்மேற்குப் பருவத்தில் காலையில் நிலக்காற்றும் தெற்கிலிருந்து வரும் நல்ல அலையும் கிடைக்கும். 2025ஆம் ஆண்டின் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன் போட்டி மாமல்லபுரத்தில் ஆகஸ்டில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவத்தின் கொந்தளிப்பு ஓய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அலை சிறிதாக இருப்பதால் முதல் பாடத்துக்கு அவை ஏற்றவை.

இலங்கைப் பயணத்துக்கு முன் இங்கே இரண்டு வார இறுதிகளில் நுரை வேய்ந்த எட்டு, ஒன்பது அடிப் பலகையில் துடுப்பிடவும், விழுந்ததும் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளவும், காலில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பலகையை மீட்கவும் பழகிவிடுங்கள். அப்படிப் பழகியவர் வெலிகமவில் முதல் நாளிலிருந்தே அலையைத் தேடத் தொடங்கலாம். பழகாதவருக்கு முதல் மூன்று நாட்கள் இதிலேயே போய்விடும். கரைக்கு வந்து சேர்ந்த முதல் காலையில் மட்டும் உடனே இறங்காமல், அரைமணி நேரம் மணலில் உட்கார்ந்து, அலைகள் எத்தனை எத்தனையாகக் கூட்டமாக வருகின்றன, நீர் எந்த இடத்தில் கடலுக்குத் திரும்பிப் போகிறது, உள்ளூர்ப் பிள்ளைகள் எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அவர்கள் இறங்கும் இடத்திலேயே இறங்குங்கள்.